மருந்து என்ற சொல்லை விட்டவர்

விரதங்களில் மிகக் கடினமானது மௌனம் என்று பரவலாக நம்பப்படுகிறது. இந்தப் பிழையைத் திருத்தாமல் மேலே செல்வது முறையாகாது.

மௌனம் சுலபம். வாயை மூடிக்கொண்டால் தீர்ந்தது. பேசாதவரிடம் யாரும் விளக்கம் கேட்பதில்லை. பட்டினியும் அப்படித்தான், பார்க்கிறவர்களின் மரியாதையே பாதி வயிற்றை நிரப்பிவிடும். மிகக் கடினமானது, எல்லாவற்றையும் வழக்கம்போல் பேசிக்கொண்டே ஒரே ஒரு சொல்லை மட்டும் விடுவது.

இதற்குச் சான்று பொன்னுரங்கம்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. கரிசலில் ஆறு ஏக்கர் பருத்தி. வியாழன்தோறும் ஊருக்கு வெளியே உள்ள சிறு மடத்துக்குப் போய்க் கண்மூடி உட்காருவார். மடத்தில் இருந்தவர் மெய்யம்மை. பொன்னுரங்கத்தைவிடப் பதினைந்து வயது இளையவர். அரசு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் பதினோரு வருடம் நின்றவர். ஞானம் மலைமேல்தான் கிடைக்கும் என்பது இன்னொரு பிழை. அது கிடக்கட்டும்.

ஒரு வியாழக்கிழமை பொன்னுரங்கம் பாதியிலேயே கண்ணைத் திறந்தார்.

"மனசு அடங்க மாட்டேங்குது, தாயே."

"கண்ணை மூடினா என்ன தெரியுது?"

"கலியன் விழறான்."

கலியன் அவர் காட்டில் பருத்திக்கு மருந்து அடிப்பவர். கதையின் இந்த இடம்வரை அந்தச் சொல்லுக்குத் தடையில்லை. முந்தின வாரம் முதுகில் டேங்கோடு பாத்திக்கு நடுவில் சாய்ந்துவிட்டார். நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்திருந்தார்.

"நான் என்ன குறை வெச்சேன்?" என்றார் பொன்னுரங்கம். "கையுறை வாங்கிக் குடுத்தேன். முகமூடி, கண்ணாடி, முழுச் சட்டை. எல்லாம் மோட்டார் ரூம் ஆணியில தொங்குது. மாட்ட மாட்டேங்கறான். இதுல என் பாவம் என்ன இருக்கு?"

"குடுக்கறப்ப என்ன சொல்லிக் குடுத்தீங்க?"

"மருந்து அடிக்கறப்ப மாட்டிக்கடான்னு சொன்னேன்."

"மருந்துக்கு எதுக்குக் கையுறை?"

பொன்னுரங்கம் சிரித்தார். மெய்யம்மை சிரிக்கவில்லை.

"ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க?"

"நஞ்சு உள்ள போயிருக்குன்னாங்க."

"டப்பாவுல இருக்கறப்ப மருந்து. கலியன் உடம்புல போனா நஞ்சு. நடுவுல எந்த இடத்துல மாறுச்சு?"

பொன்னுரங்கம் அந்த இடத்தைத் தேடினார். கிடைக்கவில்லை.

"ஒரு மண்டலம்," என்றார் மெய்யம்மை. "நாப்பத்தெட்டு நாள். காட்டுல அடிக்கறதுக்கு அந்தப் பேரைச் சொல்லாதீங்க. ஆஸ்பத்திரியில சொன்ன பேரைச் சொல்லுங்க."

பொன்னுரங்கம் புத்தகம் படிக்கிறவர். சற்று யோசித்தார்.

"நிகண்டுல அதுக்கு இன்னும் பேரு இருக்குதே தாயே. ஆலம், காளம், கரளம். இதுல ஒண்ணு சொல்லலாமா?"

"கலியனுக்கு அதெல்லாம் புரியுமா?"

"புரியாது."

"அதனாலதான் கேக்கறீங்க," என்று சொல்லிவிட்டு அவர் விளக்குக்குத் திரி கிள்ளப் போனார்.

மறுநாள் பொன்னுரங்கம் உரக்கடைக்குப் போனார். கடைக்காரர் பாலகுரு, இருபது வருடப் பழக்கம்.

"பாலகுரு, ரெண்டு லிட்டர் நஞ்சு குடு."

பாலகுரு எடுத்த டப்பாவை அலமாரியிலேயே திருப்பி வைத்தார். வெளியே வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டார். ஒரு சோடா உடைத்துக் கொடுத்தார்.

"அண்ணே, எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்."

"பருத்திக்குப்பா."

"பருத்திக்குன்னா பருத்திக்குன்னு சொல்றதுதானே. வாயில வர்ற வார்த்தையா இது?"

"டப்பாவைக் காட்டு."

பாலகுரு தயங்கித் தயங்கிக் காட்டினார். ஒரு மூலையில் சாய்சதுரம். கீழ்ப்பாதி சிவப்பு. மேல்பாதியில் மண்டையோடும், அதனடியில் குறுக்கே வைத்த இரண்டு எலும்பும். இருபது வருடமாக வாங்கிய டப்பா. அதை வியாபார முத்திரை என்று பொன்னுரங்கம் நினைத்திருந்தார்.

"அவங்களே போட்டிருக்காங்களே."

"போடறது சட்டத்துக்கு அண்ணே. சொல்றது வியாபாரத்துக்கு."

டப்பா கிடைத்தது. ஆனால் அவர் வீடு சேர்வதற்குள் பாலகுரு போன் செய்துவிட்டிருந்தார். மூன்று நாளைக்குப் பொன்னுரங்கத்தின் மனைவி அவரைத் தனியாகக் கொல்லைக்குக்கூடப் போகவிடவில்லை.

கலியனிடம் சொல்வது அதைவிடச் சிரமமாக இருந்தது. களத்தில் நின்று இரண்டு முறை செருமிக்கொண்டார்.

"கலியா, கெழக்குக் காட்டுக்கு நஞ்சு அடிக்கணும்."

கலியன் பீடியைக் காதிலிருந்து எடுத்தார். பற்றவைக்கவில்லை.

"என்ன மொதலாளி, புதுசா?"

"அதேதான். பழசுதான். பேரு மட்டும்."

"எத்தனை டேங்க்?"

"பன்னெண்டு."

கலியன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். முழங்கைவரை தோல் உரிந்திருந்தது.

"மருந்துன்னா கையை விட்டே கலக்கிருவேன். இதுக்குக் குச்சி வேணும்."

"சிவபெருமானே குடிச்சிட்டு நல்லாத்தானே இருக்காரு," என்றார் பொன்னுரங்கம், ஏதாவது சொல்லவேண்டுமே என்று.

"அவருக்குக் கழுத்தைப் புடிக்கப் பொண்டாட்டி பக்கத்துல இருந்தாங்க மொதலாளி. நான் காட்டுல தனியாவில்ல நிக்கறேன்."

கலியனே மோட்டார் ரூமுக்குப் போய் ஆணியில் தொங்கியதை எடுத்து வந்தார். முழுச் சட்டையை மாட்டிப் பார்த்தார். நெற்றி உடனே வியர்த்தது.

"பத்து மணி வெயில்ல இதைப் போட்டா நஞ்சுக்கு முந்தி நானே வெந்துருவேன்."

"அப்ப?"

"விடியக்காலம் ஆரம்பிச்சு எட்டரைக்குள்ள முடிச்சிரணும். நாலு டேங்குக்கு மேல முடியாது. மூணு நாள் ஆகும்."

"முந்தியெல்லாம் ஒரே நாள்ல அடிச்சியே."

"முந்தியெல்லாம் மருந்து மொதலாளி."

மூன்று நாள் ஆனது. காற்று முதுகுப்பக்கம் இருக்கும்படி கலியன் நடந்தார். முடித்ததும் மோட்டார் தொட்டியில் சோப்புப் போட்டுக் குளித்தார். சட்டையைத் தனியாக ஒரு பையில் கட்டினார். வீட்டில் அது பிள்ளைகளின் துணியோடு ஒன்றாக ஊறுவது அவருக்கு அன்றைக்குத்தான் நினைவுக்கு வந்ததாம்.

வியாழக்கிழமை பொன்னுரங்கம் மடத்துக்குப் போனார்.

"கலியன் இப்ப விழறதில்லை, தாயே."

"நல்லது."

"ஆனா மனசு அடங்கல."

"இன்னும் யார்கிட்ட சொல்லல?"

 பொன்னுரங்கம் அன்று பாதி நேரம் கண்ணை மூடாமலே உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார்.

பருத்தி ஒரு வசதிகெட்ட செடி. உச்சியில் பூ, நடுவில் புழு விழுந்த காய், அடியில் வெடித்த பஞ்சு, எல்லாம் ஒரே நேரத்தில். மேலே இருப்பதற்கு அடிக்க வேண்டும். கீழே இருப்பதை எடுக்க வேண்டும். கலியன் அடித்து முடித்த மறுநாளே பெண்களைப் பஞ்சு எடுக்க விடுவது அந்தக் காட்டு வழக்கம். அது வழக்கம் என்பதால் யாரும் அதைப் பற்றி யோசித்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது பெண்கள் வரப்பில் வந்து நின்றார்கள். முன்னால் தவமணி, நாற்பத்தைந்து வயது, அவர்களுக்கெல்லாம் வேலை பேசுகிறவர். பின்னால் அவர் மருமகள் செவ்வந்தி, ஏழு மாதம். பஞ்சு போட்டுக்கொள்ளச் சேலையில் மடி கட்டிக்கொண்டிருந்தாள். எடுக்கிற பஞ்செல்லாம் வயிற்றோடு ஒட்டித்தான் கிடக்கும்.

வடக்கே வானம் கறுத்திருந்தது. நனைந்த பஞ்சு பழுப்பேறிப் போகும். அந்த வருடத்துக்குப் பொன்னுரங்கம் நம்பியிருந்தது அந்தக் காடு ஒன்றைத்தான்.

"கெழக்குக் காட்டுல எடுக்கணும்," என்றார்.

தவமணி மூக்கை உறிஞ்சினார். "அங்கேருந்து என்னமோ வாடை வருதே. என்ன அடிச்சீங்கண்ணே?"

"பூச்சிக்கு."

"பூச்சிக்குத்தான். என்ன?"

"அது... வழக்கமா அடிக்கறதுதான்."

"வழக்கமா என்ன?"

ஒரே ஒரு சொல். நான்கு எழுத்து. அதைச் சொன்னால் ஒன்பது பேரும் காட்டுக்குள் இறங்கிவிடுவார்கள். இருபது வருடமாக இறங்கியிருக்கிறார்கள். சொல்லாமல் கையைக் காட்டினாலும் இறங்குவார்கள். கையைக் காட்டுவது விரதத்தில் சேராது என்று அவருக்கு ஒரு எண்ணம் வந்தது. கை பாதி உயர்ந்தது.

"என்னண்ணே இது," என்றார் தவமணி. "எங்க ஆத்தா புருசன் பேரைச் சொல்லச் சொன்னா முழிக்கும், அந்த மாதிரி முழிக்கறீங்க?"

பெண்கள் சிரித்தார்கள். செவ்வந்தியும் மடியின் முடிச்சை இறுக்கிக்கொண்டே சிரித்தாள்.

"நஞ்சு," என்றார் பொன்னுரங்கம்.

சிரிப்பு நின்றது.

"நேத்துக் காலையிலதான் அடிச்சு முடிச்சான். இலையிலயும் இருக்கு. பஞ்சுலயும் இருக்கு."

தவமணி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"போன மாசமும் இதுதானா?"

"இதுதான்."

"அதுக்கு முந்தி?"

"எப்பவும் இதுதான், தவமணி."

செவ்வந்தி மடியை அவிழ்த்தாள். அவசரப்படவில்லை. முடிச்சு இறுகியிருந்ததால் சற்று நேரம் பிடித்தது. 

"எத்தனை நாள் விடணும்?" என்று தவமணி கேட்டார்.

பொன்னுரங்கம் சட்டைப்பையிலிருந்து டப்பாவோடு வந்த காகிதத்தை எடுத்தார். எட்டாக மடித்தது. அதை அவர் முந்தின இரவு பூதக்கண்ணாடி வைத்துப் படித்திருந்தார்.

"அஞ்சு நாள்."

"மழை வந்தா?"

"வரும்."

தவமணி வானத்தைப் பார்த்தார். பிறகு பெண்களைத் திரும்பி நடக்கச் சொன்னார். போகிற போக்கில், "அஞ்சாம் நாள் கழிச்சு வர்றோம்ணே. வேற ஆள் வெச்சிராதீங்க," என்றார்.

மூன்றாம் நாள் மழை பெய்தது. கிழக்குக் காட்டில் பாதிப் பஞ்சு பழுப்பேறியது.

மழை விட்ட மறுநாள் பொன்னுரங்கம் செடியைப் பார்க்கப் போனார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அருணகிரியின் காடு. அருணகிரி களத்துக்கு மேலே தகரக்கூரை போட்டிருந்ததால் பறித்துக் குவித்த மிளகாய் நனையவில்லை. செடியில் இன்னும் பழம் நின்றது. அதைப் பறிக்க ஒன்பது பெண்களும் வந்திருந்தார்கள். வரப்பு முனையில் தவமணி நின்றார்.

"இதுல என்ன அடிச்சீங்க?" என்று கேட்டது வாய்க்கால் தாண்டிக் கேட்டது.

"மருந்துதான்," என்றார் அருணகிரி.

ஒன்பது பேரும் வரப்பிலேயே உட்கார்ந்தார்கள்.