நாக்பூருக்கு ஏழு கிலோ

“ஏழு கிலோவுக்குள்ள ஒரு மனுசன் எப்படிங்க போயிட்டு வர்றது?”

கேட்டுக்கொண்டே உள்ளே வந்த சென்னியப்பன், விமானத்தில் கையோடு எடுத்துப்போகும் பையைத் தரையில் வைத்தார். மூச்சு வாங்கியது. இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது.

“உக்காருங்க. காபி போடறேன்,” என்றார் கோகிலவாணி.

வந்தவர் கோகிலவாணியிடம் வேலை பழகும் சீடன். சீடன் என்றதும் இளம்பிள்ளையை நினைத்துக்கொள்ள வேண்டாம். சென்னியப்பனுக்கு வயது ஐம்பத்தொன்று. இருபத்தேழு வருடம் பம்ப் கம்பெனி ஸ்டோர்ஸில் வால்வுக்கும் வாஷருக்கும் காவல் இருந்தவரைப் போன மாதம்தான் பெர்சனல் பிரிவுக்கு மாற்றினார்கள்.

குரு கோகிலவாணி அவரைவிட ஐந்து வயது இளையவர். பதினாறு வருடமாக அதே கம்பெனிக்காக ஊர் ஊராகப் போய்க் கிளைகளை மூடிவிட்டு வருகிறவர். எங்கே போனாலும் தோளில் ஒரே ஒரு சின்னப் பை.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம். வேலையை விட்டு அனுப்பும் கடிதத்தைத் தபாலில் போடமாட்டார்கள். ஆள் நேரில் போய்க் கையில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிவர வேண்டும். மரியாதையாம்.

சென்னியப்பனின் பையில், முன் ஜிப்புக்குள், ஐந்து கவர்கள் இருந்தன. நான்கு, நாக்பூர் கிளையின் நான்கு பேருக்கு. ஐந்தாவது கோகிலவாணிக்கு.

“அவங்க வீடு ஏர்போர்ட் போற வழிதானே, அப்படியே குடுத்துட்டுப் போயிருங்க,” என்று முதலாளி சொல்லியிருந்தார், கல்யாணப் பத்திரிகை கொடுக்கச் சொல்வதுபோல. கொடுக்காமல் போனால் ஆறாவது கவர் யார் பெயரில் வரும் என்று சென்னியப்பனுக்குத் தெரியும்.

காபி வந்தது. குடித்தார். நல்ல காபி. அதுதான் கொடுமை.

“பையைத் திறங்க,” என்றார் கோகிலவாணி.

திறந்தார்.

“நாலு சட்டை எதுக்குங்க? நாளைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்துருவீங்க.”

“வேர்த்தா மாத்திக்கலாம்னுங்க.”

“எத்தனை மாத்தினாலும் வேர்க்கும். ஒண்ணு போதும்.”

மூன்று சட்டைகள் நாற்காலிக்குப் போயின.

“போர்வை?”

“ரூம்ல ஏசி ஒத்துக்காதுங்க.”

“அங்கயே போர்வை குடுப்பாங்க. எப்படியும் தூக்கம் வராது.”

போர்வையும் போனது. கூடவே ஊறுகாய் பாட்டில், குடை, இரண்டாவது ஜோடி ஷூ, முழங்கால் வலிக்கு வைத்திருந்த தைல பாட்டில் எல்லாம் போயின.

அடியில் இரண்டு மைசூர்பா டப்பாக்கள்.

“இது யாருக்குங்க?”

“கிளை ஆளுகளுக்கு. ஹெட் ஆபீஸ்ல இருந்து போனா வாங்கிட்டுப் போறது வழக்கந்தானுங்களே.”

கோகிலவாணி ஒரு டப்பாவைக் கையில் எடுத்தார்.

“மொத தடவை நானும் கொண்டு போனேன். விஜயவாடா. ஆபீஸ்ல இருந்த பெரியவரு சந்தோசமாப் பிரிச்சு எல்லாருக்கும் குடுத்தாரு. எனக்கும் ஒண்ணு குடுத்து, தானும் ஒண்ணு வாயில போட்டாரு. நான் அப்பப் பார்த்துக் கவரை நீட்டிட்டேன். வாயில இருக்கறதை முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல அந்த மனுசனுக்கு.”

டப்பாவை மேசைமேல் வைத்தார்.

“அன்னைக்கு வெச்ச சட்டம் இது. கவரைக் குடுக்கப் போற எடத்துல மொதல்ல கவர். அப்புறந்தான் மத்ததெல்லாம். அவங்க கையால பச்சைத் தண்ணி வாங்கிக் குடிச்சாக்கூட அப்புறம் கை நீளாது.”

சென்னியப்பன் தன் எதிரே இருந்த டம்ளரைப் பார்த்தார். அடியில் நுரை மட்டும் இருந்தது. அதைத் தள்ளி வைக்கலாமா என்று யோசித்து, தள்ளாமல் இருந்துவிட்டார்.

“பேனா எத்தனை இருக்குது?”

“ஒண்ணுங்க.”

“ரெண்டு வேணும். அவங்ககிட்டப் பேனா இருக்காது. வாங்கினா திருப்பித் தரவும் தோணாது.”

தன்னிடமிருந்த ஒன்றைப் பையில் போட்டார்.

“பெரிய பெட்டியாவே எடுத்துட்டுப் போய் விமானத்துல கீழ போட்டுட்டா என்னங்க? இத்தனை கஷ்டம் எதுக்கு?” என்று கேட்டார் சென்னியப்பன். ஏதாவது பேசிக்கொண்டே இருந்தால் நேரம் ஆகிவிடும், கிளம்பிவிடலாம் என்று நினைத்தார்.

“நானும் பெரிய பெட்டிதான் வெச்சிருந்தேன். ஹூப்ளி போற வரைக்கும்.”

“அங்க என்னாச்சுங்க?”

“பசவண்ணான்னு ஒரு அட்டெண்டர். காலைல கவரை வாங்கினாரு, கையெழுத்துப் போட்டாரு, ஒரு வார்த்தை பேசலை. மத்தியானம் நான் கிளம்பறப்ப என் பெட்டியைத் தூக்கித் தோள்ல வெச்சுட்டு முன்னாடி நடக்கறாரு. ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் அந்த வெயில்ல. வேண்டாம் வேண்டாம்னு பின்னாலயே ஓடினேன். ‘நம்ம ஆபீஸுக்கு வந்தவங்க’ன்னாரு.”

சென்னியப்பன் தலை குனிந்துகொண்டார்.

“அடிச்சிருந்தாக்கூட வாங்கிட்டு வந்திருப்பேனுங்க. அதுல இருந்துதான் இந்தச் சின்னப் பை. யாரும் கை வெக்கறதுக்கு முன்னாடி நாமளே தோள்ல மாட்டிட்டு ஓடி வந்துரோணும்.”

கோகிலவாணி பையைத் தூக்கிப் பார்த்தார்.

“ஆறு கிலோ வரும். முன் ஜிப்புல என்ன?”

“கவருங்க.”

“எத்தனை?”

“நாலு.”

கோகிலவாணி ஜிப்பில் கை வைத்தார். சென்னியப்பனின் கை அதன்மேல் வந்து விழுந்தது. மேடம் என்று கூப்பிடும் ஒரு பெண்ணின் கையை அப்படிப் பிடித்தது அவருக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை.

“கையை எடுங்க, சார்.”

எடுத்தார்.

ஐந்து கவர்கள். ஐந்தாவதின் மேலிருந்த பெயரைக் கோகிலவாணி படித்தார். கவரைக் கிழித்தார். உள்ளே இருந்த வாசகம் அவரே எழுதிக்கொடுத்ததுதான். ‘நிறுவனத்தின் வளர்ச்சியில் தங்கள் பங்கை என்றும் நன்றியுடன் நினைவுகூர்வோம்.’ பதினாறு வருடமாக ஒரு வார்த்தை மாறவில்லை. இருநூறு பேருக்குமேல் கொடுத்திருப்பார். இப்போதுதான் கடைசி வரி வரைக்கும் படிக்கிறார்.

“பொண்ணுக்கு இன்னும் ரெண்டு வருசம் படிப்பு இருக்குது,” என்றார்.

“தெரியுமுங்க.”

“தெரிஞ்சுமா காபியைக் குடிச்சீங்க?”

சென்னியப்பனுக்கு அழுகை வந்தது. “வாசல்லயே குடுத்துரலாம்னுதான் வந்தேன், மேடம். நீங்க உக்காருங்கன்னு சொல்லிட்டீங்க.”

கோகிலவாணிக்குக் கோபம் வந்தது. முதலாளிமேல் வந்தது, இந்த மனிதர்மேல் வந்தது. தபாலில் அனுப்பினால் மரியாதை இல்லை என்று என்றோ ஒரு மீட்டிங்கில் எழுந்து நின்று பேசிய தன்மேல்தான் அதிகம் வந்தது.

பிறகு பையிலிருந்து பேனாவை எடுத்து, நகலில் கையெழுத்துப் போட்டு, மடித்து, மற்ற நான்கோடு வைத்து ஜிப்பை மூடினார். பேனா அவர் கையிலேயே இருந்தது. சென்னியப்பன் கேட்கவில்லை.

கீழே டாக்சிக்காரர் ஹாரன் அடித்தார்.

“நேரமாச்சு. எந்திரிங்க.”

சென்னியப்பன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுவதற்குள் கோகிலவாணி பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டார்.

“ஐயோ மேடம், வெச்சிருங்க. ஆறு கிலோதானுங்க, நானே எடுத்துக்கறேன்.” செருப்பைக்கூட மாட்டாமல் சென்னியப்பன் பின்னால் ஓடினார். “வேண்டாமுங்க மேடம், வேண்டாம்.”

கோகிலவாணி படியில் இறங்கிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

“நம்ம வீட்டுக்கு வந்தவங்க.”