ஊதா விளக்கில் ஒரு கொடி

சடார், சடார் என்று கொடி காற்றில் அடித்துக்கொள்ளும் சத்தம். சோவியத் நாட்டின் ஒதெஸா துறைமுகத்தில், கப்பல் என்ஜினியருக்குப் படித்த காலத்தில் கேட்டது. கஸ்பார் பர்னாந்துக்குக் காதை விட்டுப் போகவே இல்லை.

அன்று மத்தியானம் கையில் ஒரு துணிப் பொட்டலத்தோடு தூத்துக்குடியில் டீச்சர் வீட்டு மாடிப்படி ஏறினார்.

டீச்சர் என்றால் ரெக்சலின். பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை. பழைய சோவியத் படைக்கொடிகளைச் சேர்ப்பவள். எது அசல், எது போலி, எது எந்தக் காலத்தது என்று பார்த்துச் சொல்லிவிடுவாள். கஸ்பாரைவிட மிகவும் இளையவள். ஆனாலும் கொடி விஷயத்தில் அவர் அவளுக்குச் சீடர்.

"டீச்சர், பாவ்லோ என்னை ஏமாத்திட்டான்."

"யாரு, ஒங்ககூட அங்க படிச்சவரா?"

"அவனேதான். யுத்தத்துல அவங்க அப்பா ஓட்டுன கப்பல்ல பறந்த கொடின்னு சொல்லிக் குடுத்தான். ஆயுசெல்லாம் பொத்திப் பொத்தி வச்சிருந்தேன். போலி! இப்ப அவன் போன் பண்ணாக்கூட நான் எடுக்கிறதில்ல."

"போலின்னு யாரு சொன்னா?"

"நீங்க குடுத்த ஊதா லைட்டு."

ரெக்சலின் கொடியை மேசையில் விரித்தாள். வெள்ளைத் துணி, அடியில் நீலப் பட்டை. சிவப்பு நட்சத்திரம், அரிவாள் சுத்தியல்.

சட்டென்று குனிந்து நட்சத்திரத்தின் ஓரத்தைத் தடவினாள்.

"அண்ணாச்சி, இங்க வாங்க! நட்சத்திரம் அச்சு இல்ல. வெட்டித் தச்சது!"

"தச்சிருந்தா அசலாயிருமா?"

"பேசாம பாருங்க."

கயிறு கோக்கும் ஓரத்தைத் திருப்பினாள். ஒரு மங்கல் முத்திரை. பூதக்கண்ணாடியை வைத்தாள்.

"ஒண்ணு... ஒம்போது... நாலு. கடைசி நம்பர் அழிஞ்சு போச்சு."

"நாப்பதுகள்! யுத்த காலம்!" என்றார் கஸ்பார்.

அவள் பிசிறியிருந்த நூல் ஒன்றை இழுத்துத் தீக்குச்சியில் காட்டினாள். உருகவில்லை. சுருண்டு கருகியது.

"மோந்து பாருங்க."

"முடி பொசுங்குற நாத்தம்!"

"அப்ப?"

"கம்பளி! டீச்சர், அந்தக் காலத்துக் கம்பளி!" துள்ளி எழுந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஆனா அந்த லைட்டு? புதுத் துணியில வெளுப்பு மருந்து இருக்கும், அதான் மின்னும், பழசு மின்னாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"சொன்னேன்."

"இது மின்னுதே!"

அவள் ஜன்னல்களைச் சாத்தினாள். ஊதா விளக்கைப் போட்டாள்.

இருட்டில் கொடியின் வெள்ளை நீலமாய்ப் பளீரிட்டது.

"பாத்தீங்களா? நான் சொன்னேம்ல?"

அவள் விளக்கைக் கொடியிலிருந்து எடுத்து அவர் மடிமேல் பிடித்தாள்.

அவர் கட்டியிருந்த வேட்டி அதே நீலத்தில் பளீரிட்டது.

கஸ்பார் வேட்டியைப் பார்த்தார். கொடியைப் பார்த்தார். மறுபடி வேட்டியைப் பார்த்தார்.

போன மழையில் கொடியில் பூஞ்சை வாடை அடித்தது. பாவ்லோவின் கொடியாயிற்றே என்று ஆசை ஆசையாய் சோப்புப் பவுடரில் ஊறப்போட்டு, தன் கையாலேயே துவைத்தார்.

"வேட்டியையும் இதையும் ஒரே வாளியில போட்டேன், டீச்சர்," என்றார்.

"அப்ப வெளுப்பு மருந்து பவுடர்ல இருந்து ஏறியிருக்கு. என்ன பவுடரு அண்ணாச்சி? நல்லாத்தான் வெளுக்குது."

அதற்குள் அவர் போனைக் காதில் வைத்திருந்தார். அங்கே மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு கிழட்டுக் குரல், இருட்டு அறை முழுக்கக் கேட்கும்படி, "கஸ்பார்!" என்று கத்தியது.

அதன்பின் ஞாயிறுதோறும் பேசிக்கொண்டார்கள். பாவ்லோ அடுத்த மாசியில் இறந்தான்.