விக்கலுக்கு நடுவே மெய்க்கீர்த்தி

மருதங்காட்டு ஏரி உடைந்துபோயிற்று. மதகைத் திறக்க வேண்டியவன் அப்போது மெய்க்கீர்த்தி பாடிக்கொண்டிருந்தான்.

வெகு காலத்துக்கு முந்திய சங்கதி. அந்த நாட்டை அதிரூபசிங்கன் என்று ஒரு ராஜா ஆண்டான். கெட்டவன் இல்லை. புகழ்ச்சி கேட்டால் மட்டும் புத்தி மயங்கும். அரண்மனை வேலை எதுவானாலும், தொடங்குமுன் அவன் புகழ்மாலையான மெய்க்கீர்த்தியை முழுசாகப் பாட வேண்டும். நடுவில் நிறுத்தினால் தண்டனை. ஆள் எடுப்பதும் அப்படியே. தடங்கலில்லாமல் பாடினால் உத்தியோகம். நாட்டு இளவட்டம் முழுக்க மரத்தடியில் உட்கார்ந்து அதை உருப்போட்டது. மதகு எந்தப் பக்கம் இருக்கிறதென்று ஒருவனும் போய்ப் பார்க்கவில்லை.

உமையாள் பார்த்தாள். ஏரிக்குக் கீழேதான் அவள் ஊர். உடைப்பில் விளைச்சல் மொத்தமும் போயிற்று. இன்னொரு உடைப்பை ஊர் தாங்காது. அடுத்த மழைக்குள் மதகு வேலை தன் கைக்கு வர வேண்டும் என்று தேர்வுக்கு வந்தாள். இருமுறை தோற்றவள். வயது வரம்பு நெருங்கிவிட்டது, இதுதான் கடைசி.

தேர்வு நடத்துபவர் ஆஸ்தானப் பாடகர் கீர்த்திவாணர். அவள் தன்னைவிட நன்றாகப் பாடுவது அவருக்குப் பொறுக்கவில்லை. சுருதி போதாதென்று தள்ளிக்கொண்டே இருந்தார்.

"மறுபடியும் வந்துவிட்டாயா? வீட்டில் வேலை இல்லையா, அம்மா?"

"வீட்டு வேலையெல்லாம் ஏரித் தண்ணீரோடு போயிற்று, ஐயா."

பிறகு, தேர்வைப் பார்க்க உட்கார்ந்திருந்த ராஜா பக்கம் திரும்பினாள். "மகாராஜா உண்ணும்போது பாட அனுமதி வேண்டும். தண்ணீர்ச் செம்பையும் நானே ஏந்துகிறேன். அதுவும் அரண்மனை வேலைதானே."

ராஜாவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. இலை போட்டார்கள். அவன் அள்ளி அள்ளி விழுங்குகிறவன். விக்கல் வராத சாப்பாடு கிடையாது. நாடறிந்த விஷயம். உமையாள் செம்போடு பக்கத்தில் நின்று தொடங்கினாள்.

"திக்கெலாம் நடுங்கத் தேர் நடத்தி..."

விக்கல் வந்தது. "தண்ணீர்."

"மலையரசர் எல்லாம் வாயில் காக்க..."

"தண்ணீர் கொடு, பெண்ணே."

செம்பை நீட்டக் கை துறுதுறுத்தது. ஊரை நினைத்துக்கொண்டு பாடினாள்.

கீர்த்திவாணர் குனிந்தார். "நிறுத்தினால் தோற்றாய்." ராஜா பக்கம் திரும்பி, "இன்னும் பாதிதான், அரசே. தங்கள் ஆணை," என்றார்.

ராஜா செம்பைப் பிடுங்கிக் குடித்தான். கண்ணில் நீர். "தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு என்ன பாட்டு?"

"அன்று மதகுக்காரரும் பலகையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பாடினார், மகாராஜா. பாட்டு முடியவில்லை. கரை போய்விட்டது."

ராஜா இலையைத் தள்ளிவைத்தான். பிறகு கேட்டான்.

"வாணரே, மதகுப் பலகையை எப்படித் தூக்குவது?"

"மேல்நோக்கி, அரசே."

ராஜா சிரித்தான். விக்கல் திரும்ப வந்தது.

"இனி மெய்க்கீர்த்தி விழாவுக்கு மட்டும். மதகு இந்தப் பெண்ணுக்கு. உமக்கு நல்ல தொண்டை, வாணரே. வீணாகக் கூடாது. வெள்ளம் வரும்போது கரையில் நின்று ஊரைக் கூப்பிடும். இவள் எப்போது சொல்கிறாளோ அப்போது."

அடுத்த தேர்வு ஏரிக்கரையில் நடந்தது. கால் நனைந்ததும் பாதிப் பேர் வீட்டுக்குப் போனார்கள். மிச்சப் பேர் வேலைக்கு ஆனார்கள்.

ஐப்பசியில் மழை முன்பைவிட அதிகமாகவே கொட்டியது. ஏரி தளும்பியது. கரை நின்றது. வேளை பார்த்து மதகைத் திறந்தவள் உமையாள்.