மடங்கிய கொற்றக்குடை

ஆதிகேசவ மன்னரின் சபையில் கோலப்பர் என்றொரு விகடர் இருந்தார். மன்னரைச் சிரிக்க வைப்பதுதான் அவர் வேலை. தம் நகைச்சுவையைப் பற்றி அவருக்குப் பெரிய மயக்கம் எதுவும் கிடையாது. "பாதி நாள் என் தொப்பையைப் பார்த்துச் சிரிக்கிறார். மீதி நாள் பாவம் பார்த்துச் சிரிக்கிறார்" என்று மனைவியிடம் சொல்வார். "எனக்கு அந்தப் பாதிச் சிரிப்புகூட வரலையே!" என்பாள் அவள்.

அந்த ஆண்டு துறைமுகத்தில் கப்பல் கப்பலாக வெளிநாட்டுக் குடை வந்து இறங்கியது. பாதி விலை. குமிழை அழுத்தினால் விரியும். மறுபடி அழுத்தினால் மடங்கும். ஊரே அடித்துப் பிடித்து வாங்கியது. அரண்மனைக்குப் பின்னால் உள்ளூர்க் குடை தைத்துவந்த குடைச்சாலை மூடப்பட்டது.

மன்னர் இரக்கக்காரர். "வெளிநாட்டுச் சரக்கால் வேலை இழந்தவர்களுக்கு, வேறு வேலை கிடைக்கும்வரை அரண்மனை நெல் அளக்கும்" என்று பறை அறைவித்தார். ஆனால் அளக்க வேண்டியவர் தனாதிகாரி பூதலிங்கர் ஆயிற்றே! எச்சில் கையால் காக்கை ஓட்டாத மனிதர். அவர் ஒரு விதி சேர்த்தார்.

"வேலை போனது கப்பல் குடையாலா, உங்கள் சோம்பலாலா? எமக்கு எப்படித் தெரியும்? உங்கள் குடையை விட்டுக் கப்பல் குடைக்கு மாறிய ஒருவர் சபைக்கு வந்து சாட்சி சொல்லட்டும். சித்திரை முதல் நாளோடு கெடு முடிகிறது."

எவன் வருவான்? வீட்டுக்கு வீடு கப்பல் குடை தொங்கியது. கேட்டால், "எங்களுக்கு மழையில நனையறதுதான் பிடிக்கும்" என்றார்கள்.

கெடுவுக்கு முந்தின நாள், குடைச்சாலையில் துணி தைத்த செவ்வந்தி நாலைந்து பேரோடு கோலப்பர் வீட்டுக்கு வந்தாள். வாசலில் குரல் கேட்டதும் கோலப்பர் செய்த முதல் காரியம், ஆணியில் தொங்கிய தம் கப்பல் குடையை எடுத்து அங்கவஸ்திரத்துக்குள் செருகிக்கொண்டதுதான்.

"ஐயா, எங்க அடுப்புல பூனை தூங்குது. நாளைக்குச் சாட்சி இல்லைன்னா நெல்லும் இல்லை. நீங்கதான் ஒரு வழி சொல்லணும்."

"இந்த ஊர்ச் சனங்களுக்கு நாட்டுப்பற்றே கிடையாதம்மா!" என்று கோலப்பர் ஆவேசமாகக் கையை வீசினார். வீசிய கை குமிழில் பட்டது. அங்கவஸ்திரத்துக்குள் குடை படாரென்று விரிந்தது. கோலப்பர் திருவிழாக் கூடாரம் மாதிரி நின்றார்.

செவ்வந்தி சிரிக்கவில்லை. "அப்ப நீங்களே வந்து சொல்லிடுங்களேன், ஐயா."

"சபையிலா? என் மானம்..." என்று கோலப்பர் இழுத்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் மன்னர் முன் ஒப்புக்கொள்ளும் பயம் அதைவிடப் பெரியதாக இருந்தது.

செவ்வந்தி பெருமூச்சு விட்டாள். "வருசாவருசம் சித்திரைக்கு ராசாவோட வெள்ளைக்குடையை நாங்கதான் தைப்போம். அதுக்கு மடக்கே வைக்க மாட்டோம். ராசா குடை மடங்குனா ஆட்சி போச்சுன்னு ஐதீகம்ல? இந்த வருசம் அந்த வேலையும் வரலை."

"வரலையா?" கோலப்பர் நிமிர்ந்தார். "நாளைக்கு எல்லாரும் சபைக்கு வாங்க!"

மறுநாள் சபை கூடியது. மன்னர் தலைக்குமேல் புதுக் கொற்றக்குடை பளபளத்தது. ஓரமாகத் தொழிலாளர்கள் வரிசையில் நின்றார்கள்.

"சாட்சி எங்கே?" என்றார் பூதலிங்கர். "இல்லையா? அப்படியானால் நெல்லும் இல்லை!"

கோலப்பர் அண்ணாந்து பார்த்தார். குடைத் தண்டில், பட்டுக் குஞ்சலத்துக்குப் பின்னால், சின்னதாக ஒரு குமிழ்.

"மன்னா, குடைத் தண்டில் ஒரு பூச்சி. தட்டிவிட உத்தரவா?"

"தட்டும்."

கோலப்பர் அழுத்தினார். கொற்றக்குடை படக்கென்று மடங்கியது. மன்னர், மகுடம், மீசை எல்லாம் உள்ளே போயின.

"இருட்டாக இருக்கிறதே! கோலப்பரே, என்ன இது?" என்றது குடை.

"குடை மடங்கிவிட்டது, மன்னா. ஐதீகப்படி உங்கள் ஆட்சி போயிற்று. கப்பல் குடையால் வேலை இழந்தவர்களில் ஆகக் கடைசி ஆள் நீங்கள்தான். வரிசை அதோ, செவ்வந்திக்குப் பின்னால். சாட்சி கொண்டுவந்திருக்கிறீர்களா?"

"சாட்சியா? குடையே என் தலையில் மாட்டியிருக்கிறதே!"

"அது செல்லாது, மன்னா. வேலை போனது குடையாலா, உங்கள் சோம்பலாலா? தனாதிகாரிக்கு எப்படித் தெரியும்?"

குடை குலுங்க ஆரம்பித்தது. மன்னர் வெடித்துச் சிரித்தபடி வெளியே வந்தார். மீசை ஒருபக்கம் மேலே, ஒருபக்கம் கீழே.

"பூதலிங்கரே, இதை வாங்கியது யார்?"

"பாதி விலைக்குக் கிடைத்ததே என்று..." பூதலிங்கர் தரையைப் பார்த்தார்.

"சரி, மாறியவன் நான். நானே சாட்சி. எல்லாருக்கும் இன்றே நெல் அளந்து கொடும். இனி யாரிடமும் சாட்சி கேட்கக் கூடாது. செவ்வந்தி, எனக்கு நீங்களே குடை தைத்துக் கொடுங்கள். மடக்கு வேண்டாம்!"

தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கோலப்பருக்குப் போட்டார். கோலப்பருக்குத் தலைகால் புரியவில்லை. தொப்பையைத் தள்ளிக்கொண்டு நின்றார்.

"அது சரி, கோலப்பரே," என்றார் மன்னர். "இத்தனை பேர் கண்ணில் படாத குமிழ், உமக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?"

எதற்கும் பதில் வைத்திருக்கும் கோலப்பர் தம் அங்கவஸ்திரத்தை இழுத்து இழுத்துச் சரிசெய்தார். வரிசையிலிருந்து செவ்வந்தியின் குரல் கணீரென்று வந்தது:

"சொல்லுங்க, ஐயா! இத்தனை நாளா நாங்க சாட்சியைத்தானே தேடிக்கிட்டிருந்தோம்!"