ஓரத்தில் ஒரு கை

அவருடைய பெயரே குருபாதம். அதனால் குரு என்று கூப்பிடுவதில் யாருக்கும் கூச்சம் இல்லை. பாளையங்கோட்டையில் காலை நேரத்தில் மைதானத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் பந்து உதைக்கக் கற்றவர்கள். மீதிப் பேர் கற்றதாகச் சொல்லிக்கொள்கிறவர்கள்.

சேர்மக்கனி நிஜமாகவே கற்றவர். கல்லூரியில் குருவுக்கு இரண்டு வருடம் இளையவர், ஒரே அணியில் ஆடியவர். இப்போது அந்தக் கல்லூரி அணிக்கு அவர்தான் கோச்.

ஒரு சனிக்கிழமை காலை குருவைத் தேடி வந்தார். மறுநாள் இதே மைதானத்தில் இறுதி ஆட்டம்.

"அண்ணே, ஒரு கணக்கு சொல்லுங்க. பத்து தடவ பால் கெடைச்சா, எத்தன தடவ எடுத்துட்டு ஓடணும், எத்தன தடவ பாஸ் குடுக்கணும்?"

"யாருக்குலே இந்தக் கணக்கு?"

"என் டீமுக்குத்தான். செல்லத்துரைன்னு ஒருத்தன் இருக்கான். பால் கெடைச்சா விடமாட்டான், ஓடிட்டே இருப்பான். இடது பக்கம் இன்பராஜ். அவனும் கூடவே ஓடுவான். இந்த வருஷம் முழுக்க அவனுக்கு உருப்படியா நாலு பாஸ் வரல. நேத்து செமி ஃபைனல்ல பாதியிலேயே நின்னுட்டான். இடுப்புல கைய வச்சிட்டு வேடிக்க பாக்கான்."

"பொறவு?"

"அவன் நின்னதும் செல்லத்துரைக்கும் ஓட்டம் போச்சு. மூணு பேரு சுத்தி நின்னுட்டானுவ. டைபிரேக்கர்லதான் தப்பிச்சோம்."

"ஏன் நின்னன்னு கேட்டியா?"

"கேட்டேன். பால் வராத எடத்துக்கு நான் எதுக்கு சார் ஓடணும்னான். நாளைக்கு வரவே மாட்டேங்கான்."

"நீ என்ன சொன்ன?"

இன்பராஜ் கேட்ட அதே கேள்வியைச் சேர்மக்கனியே இருபத்திரண்டு வருடமாக வயிற்றுக்குள் வைத்திருந்தார்.

அந்தக் கதை எங்களுக்கெல்லாம் தெரியும். மதுரையில் கல்லூரிகளுக்கு இடையே நடந்த இறுதி ஆட்டம். முடிய இரண்டு நிமிடம். குருபாதம் பந்தோடு வருகிறார். இடது பக்கம் சேர்மக்கனி தன்னந்தனியாக ஓடிவந்து, கையைத் தூக்கி, "இருக்கேன்!" என்று கத்துகிறார். எங்கள் மைதானத்தில் பந்து கேட்கிறவன் "கொடு" என்று கத்த மாட்டான். கொடு என்றால் பிச்சை என்பார்கள். "இருக்கேன்" என்பதுதான் வழக்கம். அவர் இருந்தார். பந்துதான் வரவில்லை. குருவே கொண்டுபோய் கோல் போட்டார். கோப்பை ஊருக்கு வந்தது.

மறுநாள் பேப்பரில் படம் வந்தது. நடுவில் பந்தோடு குருபாதம். இடது ஓரத்தில் தூக்கிய ஒரு கை. ஆள் இல்லை, கை மட்டும். அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டுக் கல்லூரி விளையாட்டு அறையில் மாட்டியிருக்கிறார்கள். சேர்மக்கனி தினமும் கையெழுத்துப் போடுவது அந்தச் சுவருக்கு எதிரில்தான். போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம் அந்தக் கையைப் பார்ப்பார். அதற்கு அந்த ஒரு பந்து வந்திருக்கக் கூடாதா என்று ஏங்காத நாள் இல்லை. தலை நரைத்துவிட்டது, ஏக்கம் நரைக்கவில்லை. ஆனால் யாரிடம் போய்ச் சொல்ல? கோப்பை வாங்கித் தந்த கோலைக் குறை சொன்னால் ஊர் வாயால் சிரிக்காது.

குரு எழுந்து பந்தை எடுத்துக்கொண்டார்.

"என்னைத் தடு."

அவருடைய வலது முழங்கால் ஆபரேஷன் ஆன முழங்கால். நாலடி வருவதற்குள் சேர்மக்கனி பந்தைப் பறித்துவிட்டார். இரண்டாவது தடவையும் அப்படித்தான். மூன்றாவது தடவை பறிக்கவே பாவமாக இருந்தது.

"போதும்ணே. மூட்டு என்னத்துக்காவும்?"

குரு சுற்றிப் பார்த்தார். பேச்சியம்மாள் வாளியும் கையுமாக மறுநாள் ஆட்டத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"யக்கா, அந்தா அந்த இடது பக்கமா போயி நில்லுங்க. நான் ஓடி வரும்போது இருக்கேன்னு ஒரு சத்தம் குடுங்க."

"நான் இங்கதானய்யா இருக்கேன். அதுக்கு எதுக்கு சத்தம்?"

"இவனுக்குத் தெரியணும்லா."

பேச்சியம்மாள் போய் நின்றாள். குரு பந்தோடு வந்தார்.

"இருக்கேன்!" என்று வாளியைக் கீழே வைக்காமலே கத்தினாள்.

சேர்மக்கனியின் தலை ஒரு நொடி அந்தப் பக்கம் திரும்பியது. குரு நொண்டிக்கொண்டே இந்தப் பக்கமாக அவரைத் தாண்டிப் போய்விட்டார்.

"இது ஏமாத்துண்ணே. அந்த அக்காவுக்கு நீங்க குடுக்கவா போறீங்க?"

அடுத்த தடவை சேர்மக்கனி அசரவில்லை. சத்தம் வந்தது. தலையைத் திருப்பாமல் குருவின் காலையே பார்த்து நின்றார். குரு பந்தைப் பேச்சியம்மாளுக்குத் தட்டிவிட்டார்.

அவள் வாளியை வைத்தாள். பந்தைக் காலால் நிறுத்தினாள். பிறகு நிதானமாக உருட்டிக்கொண்டு போய்க் காலிக் கோலுக்குள் தள்ளினாள்.

"எம்மா! கோல்லா!"

இருபது வருடமாகக் கோல் கோட்டுக்குச் சுண்ணாம்பு போடுகிறவள். அந்தக் கோட்டைத் தாண்டி அவள் ஒரு பந்தை உதைத்தது அன்றைக்குத்தான். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மறுபடி குரு வந்தார். சேர்மக்கனிக்கு அவரைப் பார்ப்பதா, அவளைப் பார்ப்பதா என்று தெரியவில்லை. நடுவில் தடுமாறி நின்றார். குரு ஓடவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. பந்தை நிறுத்தி அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"இப்பச் சொல்லு. பத்துல எத்தன?"

"தெரியலண்ணே."

"எனக்கும் தெரியாதுடே."

பேச்சியம்மாள் வாளியை எடுத்துக்கொண்டு கோட்டுக்குத் திரும்பினாள். இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. சேர்மக்கனி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த அக்காவுக்கு ஒரு பந்தாவது வந்துது," என்றார்.

"கேக்க வந்ததக் கேளு."

"அன்னைக்கு எனக்கு ஏண்ணே குடுக்கல?"

குரு முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"குடுக்கத்தாம்லே வந்தேன். உனக்குத் தட்டக் காலக்கூடத் தூக்கிட்டேன். நீ இருக்கேன்னு கத்துன கத்துல அவங்க டிஃபென்ஸ்காரன் உன் பக்கமா பாஞ்சுட்டான். எனக்கு முன்னால வழி தொறந்து கெடந்துது."

"குடுக்க மாட்டீங்கன்னு தெரிஞ்சிருந்தா நான் அப்படி ஓடியே இருக்க மாட்டேன்."

"எனக்கே தெரியாதே."

"லேசா சொல்லிட்டீங்க," என்றார் சேர்மக்கனி. கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை. "அந்தப் படத்துல என் மூஞ்சிகூட இல்ல. கை மட்டுந்தான் இருக்கு. இருபத்திரண்டு வருஷமா தெனமும் பாக்கேன்."

குரு எழுந்து, பந்தில் ஒட்டியிருந்த சுண்ணாம்பை வேட்டியில் துடைத்தார்.

"உன் கையத்தான பாத்திருக்க," என்றார். "அந்தப் படத்துல என் கண்ணு எங்க பாக்குதுன்னு ஒருநாளாவது பாத்தியாலே?"