துள்ளான் வெட்டிய தாவல்

தாமரைக் குளத்துப் பள்ளிக்கூடத்தில் துள்ளான் என்றொரு குரங்குப் பயல் படித்தான். அவன் கைகால் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது! அவனுடைய கூட்டாளி உப்பிலி என்ற தவளை. உப்பிலி பாடிய மழைப் பாட்டைத் துள்ளான் பள்ளிக்கூடத்துச் செல்போனில் வீடியோ எடுத்து, வெட்டி ஒட்டி வைத்திருந்தான். மறுநாள் ஆண்டு விழா. எருமை டீச்சர் சரியென்று தலையாட்டினால்தான் அதைத் திரையில் போடுவார்கள்.

டீச்சருக்கு எதையும் அசைபோடாமல் விழுங்கத் தெரியாது. முதலில் கண்ணை மூடிக்கொண்டு பாட்டை மட்டும் கேட்டார். அடுத்து, சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தார்.

"ஏண்டா, பாடினது யாரு?"

"உப்பிலி, டீச்சர்!"

"படத்துல அவனைக் காணோமே! கிளை, உன் வாலு, கிளை, உன் வாலு... எனக்குத் தலையே சுத்துது! நீ குளத்தைத் தாண்டுற தாவல் அபாரம். ஆனா அங்கேதான் உப்பிலி உச்சத்துல பாடுறான். அதுக்கு முன்னாடி அவன் மூச்சு இழுப்பானே, அது எங்கே?"

"சும்மாதானே நிக்கிறான்னு வெட்டிட்டேன்!"

"அடப்பாவி! மூச்சை வெட்டினா பாட்டு திணறாதா? சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிக் கொண்டா."

துள்ளானின் முகம் சுண்டிப்போனது. மூன்று நாள் உழைப்பாயிற்றே! நேராக உப்பிலியிடம் போனான்.

"நீ சொல்லுடா, நல்லாத்தானே இருக்கு?"

உப்பிலி கண்ணை உருட்டினான். "நல்லாத்தான் இருக்கு. நான் திரையில வருவேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன், அவ்வளவுதான். போகட்டும் விடு, குரல் என்னோடதுன்னு சொல்லிக்கிறேன்."

துள்ளானுக்குச் சுருக்கென்றது. செல்போனை எடுத்துக்கொண்டு மரமேறினான்.

பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒரே கிளையில் அரை நாள் உட்கார்ந்தான்! வெட்டிய மூச்சையெல்லாம் திரும்பச் சேர்த்தான். தன் வால் வந்த காட்சியையெல்லாம் தூக்கினான். தாவல் வந்ததும் விரல் நகரவில்லை. நாலு தடவை குளத்தில் விழுந்து, ஐந்தாவது தடவை எடுத்த தாவல் அது! கண்ணில் நீர் முட்டியது. "போடா போ!" என்று வெட்டினான். அந்த இடத்தில் உப்பிலியின் முகத்தை வைத்தான்.

சாயங்காலம் டீச்சர் கண்ணை மூடிக் கேட்டார், சத்தமில்லாமல் பார்த்தார். பிறகு, "இன்னொரு தடவை போடுடா, ஆசையாப் பார்க்கணும்!" என்றார்.

மறுநாள் திரையில் உப்பிலியின் தொண்டை பந்தாக உப்பியது. கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. உச்சக் குரல் எழுந்ததும் கரையெங்கும் ஒரே கைதட்டல்!

"எம்புள்ள! அது எம்புள்ள!" என்று கத்திக்கொண்டே உப்பிலியின் அம்மா குளத்துக்குள் பாய்ந்தாள்.

அந்தத் தாவலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. துள்ளானுக்கே அது நினைவில்லை, கை சிவக்கத் தட்டிக்கொண்டிருந்தான்.

குறை சொன்னால் கோபிக்காமல், தனக்குப் பிடித்ததையே வெட்டி எறியத் துணிகிறவனின் வேலைதான் ஊர் மெச்ச நிற்கும்.