வாசலில் கூட்டம் இல்லாத கவுன்சிலர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் நல்லாற்றூர் மாநகராட்சியின் எட்டாவது வார்டுக்காரன். கதையில் கொஞ்சம் பெருமையடிப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஒரு கேள்வி கேட்பேன்; அதற்கு விடையை மட்டும் நீங்களே யோசித்துச் சொல்லுங்கள்.

எங்கள் ஊருக்கு மேயர் தேர்தல் வந்தது. ஒரே கட்சியில் இரண்டு பேர் சீட்டுக் கேட்டார்கள். ஒருவர் எங்கள் வார்டு கவுன்சிலர் தமயந்தி. மற்றவர் பக்கத்து வார்டு கவுன்சிலர் பரஞ்சோதி. யாருக்குச் செல்வாக்கு அதிகம் என்று நேரில் பார்த்துச் சொல்ல, கட்சித் தலைமையிலிருந்து கோவர்த்தனன் என்ற பார்வையாளர் வருவதாகத் தகவல் வந்தது.

தமயந்தி பதவிக்கு வந்தபோது எங்கள் கடைசித் தெருக்களைத் தண்ணீர் எட்டிக்கூடப் பார்க்காது. முன்தெரு வீடுகள் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சிவிடும். அவர் முதலில் தன் வீட்டு மோட்டாரைக் கழற்றித் தெருவில் வைத்தார். மாமியார் சும்மா இருந்தார் என்று சொன்னால் பொய்யாகிவிடும். பிறகு மற்ற வீடுகளுக்குப் போனார். அவர்களும் மோட்டாரைக் கழற்றினார்கள். இப்போது எங்கள் தெருவில் குடங்கள் வரிசை கட்டுவதில்லை. சாக்கடை, தெருவிளக்கு எல்லாம் அப்படித்தான். சொல்லும்போதே எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

பரஞ்சோதியும் தங்கமான மனிதர்தான். யாரையும் கடிந்து பேசமாட்டார். தோளில் கை போட்டு, "நாளைக்கே அதிகாரிகிட்ட பேசிடுறேன்" என்பார். விடிந்தால் அவர் வீட்டு வாசலில் திருவிழாக் கூட்டம்.

பார்வையாளர் வருவதற்கு முந்தைய நாள், எங்கள் வட்டச் செயலாளர் மாடசாமி தமயந்தியிடம் ஓடிவந்தார்.

"அக்கா, நம்ம வாசல்ல ஈ காக்கா இல்ல. வர்றவரு என்ன நினைப்பாரு? நாளைக்கு ஒரு நாள் மட்டும் வால்வை அடைச்சிருவோம். அத்தனை சனமும் குடத்தோட இங்க வந்து நிக்கும்."

"தண்ணிக்கு நிக்கக் கூடாதுன்னுதானப்பா எனக்கு ஓட்டுப் போட்டாங்க? சீட்டு கிடைக்கலைன்னா போகட்டும். வால்வுல கை வைக்காத" என்றார் தமயந்தி. அந்தச் சீட்டுக்காக அவர் எவ்வளவு ஆசைப்பட்டார் என்பது மாடசாமிக்குத் தெரியும்.

மறுநாள் தமயந்தி வீட்டு வாசலில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரும் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தவர். கோவர்த்தனன் முகம் சுருங்கியது.

பரஞ்சோதி வீட்டில் உள்ளே நுழையவே இடமில்லை. கோவர்த்தனன் எதிரே டீக்கடையில் ஒதுங்கி நின்றார். டீ மாஸ்டர் அந்தக் கூட்டத்தில் யாரையும் எதுவும் கேட்கவில்லை. இவருக்குச் சர்க்கரை கம்மி, அவருக்கு ஸ்ட்ராங், காய்கறிப் பையோடு நின்ற பெண்ணுக்கு வெறும் பால் என்று தானாகவே போட்டு நீட்டினார். கோவர்த்தனனிடம் மட்டும், "உங்களுக்கு எப்படி சார்?" என்றார்.

இப்போது சொல்லுங்கள். ஒரு பக்கம் கூட்டம், ஒரு பக்கம் காலி வாசல். ஜெயித்தாக வேண்டிய தேர்தல். கோவர்த்தனன் யார் பெயரைச் சொல்வது சரி?

விடை: தமயந்தி. அவர்தான் இன்று எங்கள் மேயர்; இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை. ஒவ்வொருவரின் சர்க்கரையும் டீ மாஸ்டருக்கு அத்துப்படி என்றால், அவர்கள் ஓயாமல் அங்கே வருகிறவர்கள். வந்த காரியம் முடியவே இல்லை. ஆனாலும் ஓட்டு என்று ஒன்று இருக்கிறதே. அதனால் கோவர்த்தனன் அந்தக் காய்கறிப் பைக்காரப் பெண்ணிடம், "தமயந்தியை நிறுத்தினா இந்த வார்டுல ஓட்டு விழுமாம்மா?" என்று கேட்டார். அவர் பாலைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்:

"பரஞ்சோதி நல்ல மனுசன்தாங்க. ஆனா அந்தம்மா வந்தா, காலையில நான் என் வீட்ல இருப்பேன்."